தேர்தல் இரவு நேரலை: மாணவர்கள் சுமக்கும் பொறுப்பு

அமெரிக்காவின் மிசூரி மாநிலம் கொலம்பியா நகரில் 1953-ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பாகி வரும் கேஓஎம்யு தொலைக்காட்சி, மிசூரி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. 1908-இல் நிறுவப்பட்ட அதன் இதழியல் கல்லூரி மாணவர்கள் இங்கு அனுபவமிக்க செய்தியாளர்களுடன் பணிபுரிகின்றனர்; தேர்தல் இரவு நேரலையிலும் பங்கேற்கின்றனர்.

இப்பணி வெறும் பயிற்சி அன்று. இந்தியாவில் வாக்கு எண்ணிக்கை விவரங்களைத் தேர்தல் ஆணையமே தொகுதிவாரியாக வெளியிடுகிறது. அமெரிக்காவில் முடிவுகளைத் திரட்டி அறிவிக்கும் தேசிய ஆணையம் இல்லை. மாநிலங்கள் அதிகாரபூர்வமாகச் சான்றளிக்கப் பல நாள்கள் ஆகும். எனவே, அன்றிரவே வெற்றியாளரை ஊடகங்கள் கணித்து அறிவிக்கின்றன.

இதில் பிழை நேர்ந்த வரலாறும் உண்டு. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின்போது, புளோரிடாவில் அல் கோர் வென்றதாகவும், பின்னர் ஜார்ஜ் புஷ் வென்றதாகவும் அறிவித்த முன்னணி தொலைக்காட்சிகள் இரு அறிவிப்புகளையும் திரும்பப் பெற்றன. இறுதியில் புஷ் 537 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

அதிபர் தேர்தலைத் தேசியத் தொலைக்காட்சிகள் கவனித்துக் கொள்ளும். உள்ளூர்ப் பதவிகளுக்கான போட்டிகளைப் பின்தொடர்வோர் சிலரே. அவற்றின் முடிவுகளுக்கு மக்கள் உள்ளூர் நிலையங்களையே பெரிதும் நம்பியுள்ளனர். ஆகவே, எண்ணிக்கை முடிவடையாதபோது அதனை நேயர்களிடம் வெளிப்படையாகக் கூறும் துணிவே இம்மாணவர்கள் கற்க வேண்டிய முதற்பாடம்.