சுவரில ஸ்பீக்கர் பூட்ட முதல்

புது வீடு கட்டுறவை தண்ணிக்குழாய்க்கும் கரண்டுக்கும் பூச்சுக்கு முதலே சுவரை வெட்டி வைச்சிருப்பினம். ஸ்பீக்கரைப் பற்றின யோசனை வாறது பெயின்ற் அடிச்சு முடிஞ்ச பிறகுதான். பேந்தென்ன, ஐந்து பெட்டியும் ஹோலின்ர மூலைகளில, சீலிங்குக்குக் கிட்ட, குருவிக்கூடு மாதிரித் தொங்கும். யாழ்ப்பாணத்தில கன வீடுகளில உதைப் பார்த்தாச்சு. கேட்கிறதுக்கில்லை, வாறவை நிமிர்ந்து பார்க்கிறதுக்குத்தான் பூட்டியிருக்கினம் எண்டு நான் நினைக்கிறன்.

காது சீலிங்கில இல்லை. கதிரையில இருக்கிற ஆளின்ர காது நிலத்திலயிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில இருக்கும். முன்னுக்குப் பூட்டுற மூன்றும் அந்த உயரத்தை ஒட்டித்தான் வரவேணும். 5.1 முறைக்கு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இருக்கிறது: இடமும் வலமும் நடுவிலிருந்து 30 பாகையில், பக்கத்து ஸ்பீக்கர்கள் 100 தொடக்கம் 120 பாகைக்குள். கோணமானி தேவையில்லை. நீங்கள் இருக்கிற இடமும் முன் ஸ்பீக்கர் இரண்டும் ஒரு சமபக்க முக்கோணமாக வந்தால் சரி. மற்ற இரண்டும் தோளுக்குக் கொஞ்சம் பின்னால், பக்கச் சுவரில. காதுக்கு மேல ஓரடி, இரண்டடி ஏறினாலும் குற்றமில்லை. "அட்மோஸுக்கு மேலதானே பூட்டவேணும்?" எண்டு கேட்பினம். ஓம், அதுக்கெண்டு இருக்கிற மேல் ஸ்பீக்கர்களை மட்டும். மற்றவை கீழ இருந்தால்தான் மழை மேலயிருந்து பெய்யிறது தெரியும்.

இதில ஆகக் கவனம் எடுக்கவேண்டியது நடு ஸ்பீக்கர். படத்தில கதைக்கிற கதை பெரும்பாலும் அதாலதான் வரும். அதுக்குத்தான் எங்கட வீடுகளில இடமில்லை! ரீவியைச் சுவரில ஏத்தி, கீழ ஷோகேஸ் வைச்சு, அதுக்குள்ள கிண்ணமும் வெற்றிக் கேடயமும் அடுக்கினால் அது எங்க போறது? மார்பிளும் வெறுஞ்சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்க, கதை இன்னும் குழம்பும். ஒரு மொத்தத் திரைச்சீலையும் நிலத்தில ஒரு கம்பளமும், விலை கூடின அம்பிளிபயரை விடக் கூட உதவும்.

இந்தப் பிளானைப் போடுறது ஆர் எண்டதுதான் எனக்குப் பிரச்சினை. காசு அனுப்புற அண்ணா கனடாவிலயிருந்து வட்ஸ்அப்பில படம் அனுப்புவார். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா வந்து மூன்று கிழமை நிற்பார். ஒவ்வொரு நாளும் அந்த ஹோலில இருக்கிறது அம்மா. சீரியலில என்ன கதைக்கினம் எண்டு விளங்காமல் சத்தத்தைக் கூட்டுறதும், விளம்பரம் வந்தவுடன திடுக்கிட்டுக் குறைக்கிறதும் அவதான். காசு தந்தவரிட்ட ஒரு சொல்லும் கேட்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் அளவெடுக்கிற அண்டைக்குக் கதிரையில அம்மாவை இருத்துங்கோ.

பூச்சுக்கு முதல் செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஸ்பீக்கர் வயருக்கெண்டு தனிக் குழாய் போடுங்கோ. 230 வோல்ற் ஓடுற குழாய்க்குள்ள அதைச் சேர்த்து விடவேண்டாம். உள்ளுக்கு ஒரு நைலோன் நூல் விட்டு வைச்சால் நாளைக்கு வேற வயர் இழுக்கலாம். செம்பு பூசின அலுமினிய வயரைச் செம்பெண்டு தலையில கட்டுவினம், நுனியைச் சுரண்டிப் பாருங்கோ. துளையுள்ள சீமெந்துக் கல் எண்டால், ஆணி பிடிக்கிற இடத்தை மேசனிட்டச் சொல்லி கொங்கிறீற்றால நிரப்புங்கோ. வெறும் பூச்சில நிற்கிற பிளக், பாரமான பெட்டியோட ஒரு நாள் கழண்டு வரும்.

சப்வூபரை மட்டும் சுவரில ஏத்தாதேங்கோ, பக்கத்து வீட்டோட பொதுச்சுவர் எண்டால் அதுக்குக் கிட்டவும் வைக்காதேங்கோ. தாழ்ந்த சத்தத்துக்குச் சுவரும் ஒண்டுதான், வேலியும் ஒண்டுதான். அங்கால ஒரு பிள்ளை ஏ.எல். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருக்கும்.