பிர்ரூஸுக்காக ஒரு வக்காலத்து

தேர்தலில் யாராவது தட்டுத்தடுமாறி ஜெயித்தால் போதும், பத்திரிகைக்காரர்களுக்கு உடனே 'பிர்ரிக் வெற்றி' ஞாபகம் வந்துவிடுகிறது. ஜெயித்தவன் தோற்றவனைவிட அதிகம் இழந்தான் என்று அர்த்தமாம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அப்படி இழக்கவே இல்லை என்பதுதான் என் கட்சி.

பிரெஞ்சுப் பள்ளியில் அவரைப் 'பிர்ரூஸ்' என்று படித்தோம். (ராசீனின் 'ஆந்த்ரோமாக்' நாடகத்திலும் ஒரு பிர்ரூஸ் வருவான், அவன் அக்கிலெஸின் மகன். பரீட்சையில் இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதியவர்களில் நானும் ஒருவன். எபிரஸ் ராஜாக்களே தங்களை அந்த வம்சம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், ஆகவே என்னுடையது பாதித் தப்புதான்.) ரோம் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது அரைப் பக்கம். யானை, வெற்றி, புலம்பல். புரட்டினால் கார்த்தேஜ் வந்துவிடும்.

தரெந்தும் நகரத்தார் கூப்பிட்டதால் கி.மு. 280இல் கடல் தாண்டி இத்தாலிக்கு வந்தவர் அவர். புளூட்டார்க் தரும் பட்டியல்: 20 யானை, 3,000 குதிரை வீரர், 20,000 காலாள், 2,000 வில்லாளி, 500 கவண்காரர். அதுவரை யானையைக் கண்டிராத ரோமர் அதற்கு 'லுக்கானிய மாடு' என்று பெயர் வைத்தார்கள்! ஹெராக்லியாவில் பிர்ரூஸ் ஜெயித்தார். மறு வருஷம் அஸ்குலுமில் ஜெயித்தார். வாழ்த்த வந்தவரிடம், இன்னொரு தடவை இப்படி ஜெயித்தால் நம் கதை முடிந்தது என்று சொன்னாராம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலமாக அவரை மடக்குகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். அஸ்குலுமில் ரோமர் தரப்பில் இறந்தவர் 6,000 என்கிறார் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஹியரோனிமஸ். பிர்ரூஸ் தரப்பில் 3,505. பின்னது ராஜாவே எழுதி வைத்த குறிப்பிலிருந்து எடுத்தது. தன் கணக்கைத் தானே எழுதினால் குறைத்துத்தானே எழுதுவார் என்பீர்கள். சரி, ரோமிலேயே உட்கார்ந்து இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதிய தியோனிசியஸைக் கேளுங்கள். எண்ணிக்கையை அவர் தாராளமாக ஏற்றிச் சொல்கிறவர். அவரே ஹெராக்லியாவில் ரோமர் 15,000, பிர்ரூஸ் பக்கம் 13,000 என்கிறார். ஜெயித்தவர் அதிகம் இழந்தார் என்பது எங்கே இருக்கிறது?

அவருடைய கஷ்டம் வேறு. உடன் வந்த தளபதிகளும் நண்பர்களும் மாண்டுபோனார்கள். அந்த இடத்தை நிரப்ப ஊரிலிருந்து ஆள் வரவழைக்க வழியில்லை. ரோமுக்கோ வீட்டு வாசலிலேயே படை. அரை நூற்றாண்டு கழித்து, கி.மு. 225இல், ரோமரும் அவர்கள் கூட்டாளிகளும் பதிவேட்டில் காட்டிய ஆட்கள் ஏழு லட்சம் காலாள், எழுபதாயிரம் குதிரை என்கிறார் பொலிபியஸ். பெரிய முதலுள்ளவனோடு சின்ன முதலுள்ளவன் செய்த வியாபாரம் இது. அதைச் செலவுக் கணக்காக மாற்றிப் படிப்பது அநியாயம்.

குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் சிசிலியைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இத்தாலியைப் பாதியில் விட்டுவிட்டு கி.மு. 278இல் அங்கே போனார். லிலிபேயும் கோட்டை ஒன்று தவிர ஏறக்குறைய தீவு முழுவதிலிருந்தும் கார்த்தேஜியரை விரட்டினார். பிறகு, உதவிக்குக் கூப்பிட்ட கிரேக்க நகரங்களிடமே எஜமானனாக நடந்தார். தனக்குத் துணை நின்ற தோயனோனைச் சந்தேகப்பட்டுக் கொன்றார். நகரங்கள் முறைத்துக்கொண்டன. திரும்பி வந்து கி.மு. 275இல் பெனவெந்தும் போரோடு இத்தாலிக் கனவு முடிந்தது. நன்றாகக் காய் உருட்டத் தெரியும், விழுந்ததை வைத்து ஆடத் தெரியாது என்று அவர் எதிரி அந்திகோனஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதுதான் சரியான விமரிசனம். எதிரிக்கு இருந்த நிதானம் நம் தலையங்கக்காரர்களுக்கு இல்லை.

ஹன்னிபால், அலெக்சாந்தருக்கு அடுத்த தளபதி பிர்ரூஸ், தனக்கு மூன்றாம் இடம் என்றதாக லிவியஸ் எழுதுகிறார். கதையாகவே இருக்கட்டும், அதை எழுதியவரும் ரோமர்தான்.

பிர்ரூஸ் எழுதிய குறிப்புகள் தொலைந்துவிட்டன. அதிலிருந்து தப்பி வந்த சில்லறைகளில் ஒன்று அந்த 3,505.