மாலையில் வந்து காலையில் மறையும் காய்ச்சல்



வரிப்பத்தான்சேனையில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பத்து நாளாக மகளுக்குக் காய்ச்சல். அஸர் முடிந்த கையோடு உடம்பு நடுங்கத் தொடங்கும். மஃரிபுக்கெல்லாம் நெருப்பாய்க் கொதிக்கும். நடுச்சாமத்தில் வியர்த்து இறங்கிவிடும். காலையில் பிள்ளை எழும்பிப் பிட்டுத் தின்று, தம்பியோடு சண்டையும் பிடிக்கும். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனால் அந்நேரம் சூடும் இல்லை, முதல் நாள் இரவு நெஞ்சிலும் கையிலும் கண்ட செந்தடிப்பும் இல்லை. "இப்ப காய்ச்சல் இல்லையே" என்கிறார் டொக்டர். உம்மாவின் பேச்சுக்குச் சாட்சி இல்லாமல் போய்விடுகிறது.

உம்மா சொன்னது சரிதான். இப்படி நாளுக்கொரு தடவை, அநேகமாக மாலை வேளையில், ஏறி இறங்கும் காய்ச்சல் ஒரு நோயின் சொந்த நடை. அதற்கு ஸ்டில் நோய் என்று பெயர். ஸ்டில் என்பது ஓர் ஆங்கிலேய வைத்தியரின் பெயர். 1897இல், லண்டனில் தாம் கண்ட 22 பிள்ளைகளின் மூட்டு நோயைப் பற்றி எழுதியவர் அவர். 1971இல் பைவாட்டர்ஸ் என்ற வைத்தியர் இதே நோயை வளர்ந்தவர்கள் 14 பேரில் எடுத்துக் காட்டினார். இது மிக அரிதான நோய். நம் பக்கத்துக் காய்ச்சல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூட இதுவாக இராது. ஆகையால் இதை வாசித்துவிட்டு யாரும் பயந்துகொள்ள வேண்டாம்.

இது தன்னழற்சி நோய் என்ற வகையைச் சேர்ந்தது. நமக்குத் தெரிந்த மூட்டுவாதத்தில், உடம்பு தன் சொந்த உறுப்புக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளைச் செய்துகொள்ளும். பெரும்பாலும் அதைக் குருதியில் பிடித்துவிடலாம். ஸ்டில் நோயில் அப்படி ஒன்றும் அகப்படாது. கிருமி வந்தால் முதலில் பாய வேண்டிய காவல், கிருமியே இல்லாமல் பாய்ந்து கொதிக்கிறது. மூட்டுவாதப் பரிசோதனை "இல்லை" என்று வருவதுகூட இங்கே ஓர் அடையாளமாகிறது.

"இதுதான்" என்று கைகாட்டும் ஒற்றைப் பரிசோதனை இதற்குக் கிடையாது. பின் எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? 1992இல் யமகுச்சி என்பவரும் வேறு சில ஜப்பானிய வைத்தியர்களும் ஒரு கணக்கை வகுத்தார்கள். பெரிய அடையாளங்கள் நான்கு: 39 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சல் ஒரு வாரமாவது இருத்தல், மூட்டுவலி இரண்டு வாரமாவது இருத்தல், அந்தச் செந்தடிப்பு, வெண்குருதிக் கலங்கள் பத்தாயிரத்துக்கு ஏறி அதிலும் ஒரு வகை நூற்றுக்கு எண்பதாக இருத்தல். சிறியவை தொண்டை நோவு, நெறி கட்டுதல் அல்லது மண்ணீரல் வீங்குதல், ஈரல் பரிசோதனை பிசகுதல், மூட்டுவாதப் பரிசோதனைகள் இல்லையென வருதல். எல்லாமாக ஐந்து சேர வேண்டும். அதில் இரண்டாவது பெரியதாக இருக்க வேண்டும்.

கணக்குச் சரிவந்தால் நோய் அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படியான கணக்குகள் முக்கியமாக ஆராய்ச்சிக்காக, ஒரேமாதிரியான நோயாளரைத் தெரிந்தெடுப்பதற்கு வகுக்கப்பட்டவை. கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பெயர் வைப்பது வேறு வேலை. யமகுச்சியின் கணக்கிலேயே ஒரு நிபந்தனை உண்டு: தொற்று நோய், புற்றுநோய், வேறு வாத நோய் எதுவும் இல்லையென்று முதலில் கழித்துவிட வேண்டும். நம் ஊரில் இந்தக் கழித்தல்தான் பெரிய பாடு. டெங்கு இருக்கிறது. வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், அதற்கு மேல் நெருப்புக்காய்ச்சல், காசநோய். குருதிப் புற்றுநோயும் பிள்ளைகளில் காய்ச்சலும் மூட்டு நோவுமாகத் தொடங்கலாம். அதனால்தான் சில வேளை எலும்புக்குள் இருக்கும் மச்சையில் ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். "எங்கட புள்ளைய என்னத்துக்கு இப்படிக் குத்துறாங்க" என்று துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடுவோர் உண்டு. அந்த ஊசிக்கு முன்னர் எங்கேயாவது ஸ்டீரொயிட் குளிசை கொடுத்துவிட்டால், புற்றுநோய் இருந்தாலும் சில காலம் மறைந்து நின்றுவிடும். காய்ச்சல் விட்டதே என்று நாம் சந்தோஷப்படுவோம்.

அதுபோல, டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை மூட்டு நோவுக்கென்று டைக்லோபெனாக், ஐபுபுரூபன் போன்றவற்றை வீட்டில் கொடுக்கக் கூடாது. பரசிட்டமோல் மட்டும், நிறைக்கேற்ற அளவில்.

செந்தடிப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். பாடப் புத்தகங்கள் அதைச் சாமன் மீனின் நிறம் என்று எழுதுகின்றன. அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம்முடைய மாநிறத்தில் அது மங்கலாக, கொஞ்சம் கருஞ்சிவப்பாக, சில வேளை தடிப்பு மட்டுமாகத்தான் தெரியும். அநேகமாகச் சொறியும் இராது. காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போய்விடும். காலை நேரம் வாட்டைச் சுற்றிவரும் வைத்தியருக்கு அது எப்படிக் கிடைக்கும்? நான்கு பெரிய அடையாளங்களில் ஒன்றை வீட்டில் இருப்பவர்தான் கண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசியில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பெண்பிள்ளையின் உடம்பு என்று கூச்சப்பட்டால் கையை, முதுகை மட்டும் எடுங்கள். வெப்பமானியால் நாளுக்கு நான்கு தடவை பார்த்து, நேரத்தையும் பாகையையும் கொப்பியில் எழுதுங்கள். "நல்ல சூடு" என்று சொல்வதை விட "ஆறு மணிக்கு 39.6, பன்னிரண்டு மணிக்கு 37" என்பது வைத்தியருக்கு எவ்வளவோ உதவும்.

பெரிட்டின் என்று ஒரு குருதிப் பரிசோதனை உண்டு. இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம் அது; குருதிச்சோகை உள்ள பெண்களுக்குக் குறைந்திருக்கும். ஸ்டில் நோயில் ஆயிரக்கணக்கில் ஏறலாம். ஆனால் கடும் தொற்றிலும் ஈரல் நோயிலும் ஏறும். தனியே அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

முன்பு பதினாறு வயதுக்குள் வந்தால் ஒரு பெயர், அதற்கு மேல் வந்தால் இன்னொரு பெயர். பிள்ளைகளுக்கான பழைய விதி, மூட்டு வீக்கம் ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றது. காய்ச்சலும் தடிப்பும் முதலில் வந்து வீக்கம் பிந்தி வரும் பிள்ளைகள் அதுவரை காத்துக் கிடந்தார்கள். 2024இல் ஐரோப்பிய வாத நோய் வைத்தியர்களும் பிள்ளை வாத நோய் வைத்தியர்களும் சேர்ந்து, இரண்டும் ஒரே ஸ்டில் நோய்தான், மூட்டு வீங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அறிவித்தார்கள். நல்ல மாற்றம். மருந்தை முந்தித் தொடங்க வழி திறந்தது.

இது தொற்றுகிற நோயல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயாகவும் கருதப்படுவதில்லை. கலியாணப் பேச்சு நடக்கிறது என்று குமரின் கிளினிக் கொப்பியை ஒளித்துவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு.

சிலருக்கு இந்த நோய் கட்டுமீறி, உடம்பின் விழுங்கு கலங்கள் சொந்தக் குருதிக் கலங்களையே விழுங்கத் தொடங்கும். அப்போது ஏறி இறங்கிய காய்ச்சல் இறங்காமல் நின்றுவிடும். பிள்ளை மயங்கிக் கிடக்கும், கண்ட இடத்தில் கண்டிப்போகும், முரசில் இரத்தம் கசியும். பிளேட்லட் விழும், பெரிட்டின் இன்னும் ஏறும். ஈ.எஸ்.ஆர். மட்டும் குறைந்துவிடும். அந்த ஒரு துண்டை மட்டும் பார்த்தால் சுகம் வருகிறது போலத் தோன்றும். உண்மையில் உயிருக்கே ஆபத்தான நேரம் அது. பிளேட்லட் விழுவதைக் கண்டு டெங்கு என்று நினைக்கவும் இடமுண்டு. அன்று இரவு கல்முனையிலோ அம்பாறையிலோ அக்கரைப்பற்றிலோ வாட்டில் நிற்கும் வைத்தியர் பிள்ளையை முதன்முறை காண்கிறவராக இருப்பார். அவர் கேட்கும் முன்பே அந்தக் கொப்பியை அவர் கையில் கொடுங்கள்.