மறைமொழி மறந்துபோகுமோ?

மேலைநாட்டார் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்சு அண்டு டிராகன்சு' என்னும் மேசை விளையாட்டைத் தமிழன்பர் பலர் கேள்வியுற்றிரார். கேரி கைகாக்சு, தேவு ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கியது அது. நால்வர் ஐவர் கூடியிருந்து, ஒருவர் கதை நடத்த, ஏனையோர் தம்மை மறவனாகவோ மந்திரக்காரனாகவோ புனைந்துகொண்டு, கவறுருட்டி வெற்றிதோல்வி காண்பர். இன்று நம் கல்லூரிப் பிள்ளைகளும் ஆடுகின்றனர். ஆடுக! கவற்றைக் கண்டதும் சூதென்று வெகுளற்க, பொருள் வைத்தாடுவதன்று. ஆயின், அதிலுள்ள மந்திரக்காரனை அவ்வாறே ஏற்றுக்கொள்வது எமக்கு உடன்பாடன்று.

அவன் விடியலில் ஏட்டைப் பார்த்து மந்திரங்களை மனத்தில் அடுக்கிக்கொள்வான். ஒன்றைச் சொல்லிய அளவில் அது நினைவினின்று அழிந்துபோம். யாக்கு வான்சு என்பார் 1950-இல் வெளியிட்ட கதைநூலின் வழிவந்த முறை இது. பின்வந்த பதிப்புகளில் மறதி நெகிழ்ந்தது. நாளொன்றுக்கு இத்துணை முறை என்னும் கணக்கு எஞ்சிற்று. பங்கீட்டுக் கடையில் அரிசி அளப்பதுபோற் சொல்லாற்றலை அளப்பதோ?

தொல்காப்பியர் செய்யுளியலில் மந்திரத்திற்கு இலக்கணம் வகுத்துள்ளார். நிறைமொழி மாந்தர் ஆணையாற் பிறக்கும் மறைமொழியே அது. ஆற்றல் ஏட்டிலும் இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை. சொல்வோன் நிறைவில் உள்ளது. அவ்விடத்து உரையாசிரியர் காட்டும் கதையை நோக்குக. ஆரியம் நன்று, தமிழ் தீது என்ற குயக்கோடனை நக்கீரர் ஒரு பாட்டால் வீழ்த்தினார். பிறர் வேண்டவே மற்றொரு பாட்டால் எழுப்பினார். இரண்டும் தமிழ்ப் பாட்டு! வடமொழியே மந்திரமொழி என்று இன்றும் மயங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க.

எனவே, தமிழில் இவ்விளையாட்டை ஆக்க விரும்பும் இளைஞர்க்கு எம் கருத்து இது. மறைமொழியாளனாக ஆடுவோன் பட்டியலினின்று பெயரைப் படித்தல் போதாது. ஈரடியேனும் தானே யாத்துச் சொல்லல் வேண்டும். அதனை எடைபோடும் நெறியைப் பாட்டியல் நூல்கள் முன்பே வைத்துள்ளன. முதற்சொற்குப் பத்துப் பொருத்தம் உண்டு. அமுதெழுத்து, நச்செழுத்து என்னும் பகுப்பும் உண்டு. யா, யோ, ரா, ரோ, லா, லோ முதலியன நச்செழுத்து. வாழ்த்த எடுத்த வாய் நச்செழுத்தில் தொடங்கினாற் கவற்றின் எண்ணைக் குறைத்துவிடுக. பிள்ளைகள் ஒரே மாலையில் யாப்பும் கற்பர். வகுப்பறையில் யாம் ஓராண்டு முயன்றும் நடவாதது!

வரம்பு யாது எனின், வாய்மை. களக்காட்டுப் பெருங்கோயில் இறைவற்குச் சத்தியவாகீசர் என்பது வடமொழிப் பெயர். வாய்மைச் சொல்லுக்கு இறைவன் என்று பொருள்படும். விளையாட்டினுட் பொய்யுரைத்த மறைமொழியாளன் சொல் வலியிழக்க வேண்டும். உறங்கி எழுந்தால் மீளலாகாது, சொன்ன சொல்லைக் காத்தே மீளல் வேண்டும்.

கோயிலாற்றல் பெறுவோன் வேறு. நம் நெல்லைச் சீமையிற் சுடலைமாடன் கொடையில் மகுடம் கொட்டிப் பாடும் கணியான், கைவெட்டுச் சடங்கில் தன் கையைக் கீறிக் குருதி படைப்பான். அவ்வகை ஆட்டக்காரன் தன் உயிர்நிலை எண்ணிற் சில கொடுத்தே தெய்வத்தை அழைக்கட்டும். வேலனுக்கோ பிழைபடும் இயல்பும் சேர்க்க. தலைவியின் மெலிவு காதலால் வந்ததென்று தோழிக்குத் தெரியும். அவனோ முருகனால் வந்ததென்று வெறியாடுகிறான். சங்கப் புலவர் அவனைக் கண்டு நகைத்தனர். ஆட்டத்திலும் நகைக்க இடம் இருக்கட்டும்.