எண்பதில் கழற்றுவோம்

சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ சேலத்துக்கோ போகும் மின்சாரக் கார்களில் பல முதல் சார்ஜுக்கு நிற்பது திண்டிவனத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடைப்பட்ட சாலையில்தான். சென்னையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஏசி போட்டு, ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் போனால், இன்று பரவலாக ஓடும் கார்களின் பேட்டரி அந்தத் தூரத்துக்குள் நன்றாகவே இறங்கிவிடும். சேலம் சாலை பிரிவதும் உளுந்தூர்ப்பேட்டையில்தான். அதனால் பண்டிகை நாட்களில் அந்த ஒரு துண்டுச் சாலையின் சார்ஜிங் ஸ்டேஷன்கள் மொத்தக் கூட்டத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் புகாரும் அநேகமாக ஒன்றே: "60 கிலோவாட்டுன்னு போர்டு வெச்சிருக்கான், என் வண்டிக்கு 28தான் ஏறுது."

இந்தப் புகாருக்குப் பதில் ஒரே இடத்தில் இல்லை. கார், காரில் மாட்டும் சார்ஜிங் கன், பேட்டரி, வெயில், பக்கத்துக் கன்னில் நிற்பவர், பின்னால் இருக்கும் மின்வாரிய இணைப்பு என எல்லாம் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எது பலவீனமோ அதன் வேகம்தான் நமக்குக் கிடைக்கும். ஆகவே இதைத் தனித்தனி ஆட்களின் பொறுமைச் சோதனையாகப் பார்க்காமல் பொதுப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

கன்னை மாட்டியதும் காரும் சார்ஜரும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. இத்தனை ஆம்பியர் வேண்டும் என்று கேட்பது கார். கேட்டதற்கு மேல் சார்ஜர் தராது. 30 கிலோவாட்டுக்கு மேல் வாங்க முடியாத காரை 120 கிலோவாட் கன்னில் மாட்டினாலும் 30தான் ஏறும். அதற்கு மேல் வாங்கக்கூடிய காராக இருந்தாலும் கணக்கு போர்டோடு முடிவதில்லை. கன்னின் உச்சம் 150 ஆம்பியர், காரின் பேட்டரி 320 வோல்ட் என்றால், இரண்டையும் பெருக்கினால் 48 கிலோவாட்தான் வருகிறது. போர்டில் உள்ள 60 என்பது 400 வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தும் எண். போதாக்குறைக்கு, ஒரே பெட்டியில் இரண்டு கன் இருக்கும் இடங்களில், இரண்டாவது கார் வந்து மாட்டியதும் 60 என்பது 30, 30 ஆகப் பிரிவதும் உண்டு. இந்த விவரங்களைச் சார்ஜர் மீதே தமிழில் எழுதி ஒட்டுவதற்கு நிறுவனங்களுக்கு என்ன செலவாகிவிடும்? ஒரு கன்னுக்கு உச்ச ஆம்பியர் எவ்வளவு, இரண்டு கார் நின்றால் எவ்வளவு என்ற இரண்டு வரி போதும்.

இனி பேட்டரிக்கு வருவோம். தெருக்குழாயில் குடத்தைக் கழுத்துவரை வேகமாகப் பிடித்துவிட்டு அதன்பிறகு குழாயைக் குறைப்போம் அல்லவா, காரின் பேட்டரி மேலாண்மை அமைப்பும் அதையே செய்கிறது. நிரம்ப நிரம்ப பேட்டரியின் வோல்டேஜ் தன் மேல் எல்லையை நெருங்குகிறது. அப்போதும் பழைய வேகத்தில் தள்ளினால், கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் உள்ளே போக முடியாமல் மேலேயே உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுள் குறையும், பாதுகாப்பும் கெடும். அதனால் 80 சதவீதத்தை ஒட்டிக் கார் தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக் கேட்கிறது. கார் நிறுவனங்களின் விளம்பரங்களைக் கவனியுங்கள். '10-லிருந்து 80 சதவீதம் இத்தனை நிமிடத்தில்' என்றுதான் இருக்கும். மிச்சம் 20-க்கு எவ்வளவு நேரம் என்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அந்த மிச்சத்தின் விலையைக் கொஞ்சம் கணக்கிடுவோம். 45 யூனிட் பேட்டரியில் கடைசி 20 சதவீதம் 9 யூனிட். நெடுஞ்சாலையில் யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் என்று வைத்தால், 60 கிலோமீட்டர் ஓட்டம். அதை ஏற்ற அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதே அரை மணி நேரத்தில், 10 சதவீதத்தோடு வந்து காத்திருப்பவரின் காருக்கு 15 முதல் 20 யூனிட்வரை ஏறிவிடும். அவர் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விடுவார். அதாவது 80-ஐத் தாண்டி மாட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கன்னின் கொள்ளளவைப் பாதியாக்குகிறார்கள். புதுச் சார்ஜர் ஒன்றுகூட நிறுவாமல் வரிசையைக் குறைக்க இதைவிட எளிய வழி நமக்குத் தெரிந்து இல்லை. அடுத்த ஸ்டேஷன் உண்மையிலேயே எட்டாத தூரத்தில் இருந்தால் கூடுதலாக ஏற்றிக்கொள்வது நியாயம். டீ குடித்து முடியவில்லை என்பது நியாயம் ஆகாது. ஏறி முடிந்த பிறகும் நகராத காருக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் வசூலிப்பதை எல்லா நிறுவனங்களும் வழக்கமாக்க வேண்டும். பெட்ரோல் காரைக் கொண்டுவந்து சார்ஜிங் இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கும் அதே கட்டணம் பொருந்தட்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்நாடுகளில் பேட்டரி சில்லிட்டுப் போய்ச் சார்ஜ் மெதுவாகும். நமக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. மே மாத மதியத்தில் மணிக்கு நூறில் வந்து நிற்கும் காரின் பேட்டரி ஏற்கெனவே கொதித்துப்போயிருக்கும். கார் முதலில் அதைக் குளிரவைக்கப் பார்க்கும், சூடு தணியாவிட்டால் ஆம்பியரைக் குறைத்துவிடும். சார்ஜரின் கதையும் இதுவே. அதன் காற்று வடிகட்டியில் சாலைப் புழுதி அடைத்திருந்தால், உள்ளே சூடேறித் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்டேஷனுக்குத் தகரக் கூரையும் மாதாமாதம் சுத்தம் செய்யும் ஆளும் ஆடம்பரம் அல்ல. வருகிற வழியில் கடைசிப் பத்து, பதினைந்து கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவது ஓட்டுநர் செய்யக்கூடியது.

இத்தனைக்கும், அன்றாட ஓட்டத்துக்கு வேகச் சார்ஜரே தேவையில்லை. நகரத்துக்குள் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆறேழு யூனிட் போதும். வீட்டில் ஏசிக்குப் போடும் 15 ஆம்ப்ஸ் பிளக் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் தரும், இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பேட்டரிக்கும் மெதுவான சார்ஜ்தான் நல்லது. ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். கார் வாங்கி வந்த அன்று மாட்டிப் பார்த்தால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று பதறுகிற வீடுகளில், கோளாறு பெரும்பாலும் காரில் இருக்காது. கோடையில் காய்ந்து கிடக்கும் எர்த் குழியில் இருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள், தனி ஒயர் இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. பல மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் பாய்கையில் பிளக் உருகும்.

வீட்டில் ஏற்ற முடியாதவர்கள்தான் நகரத்து வேகச் சார்ஜர்களில் போய்க் குவிகிறார்கள். அவர்களில் நிறையப் பேர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள். 'ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், டிரான்ஸ்பார்மர் தாங்காது' என்று சங்கங்கள் மறுக்கின்றன. 50 வீடுகளும் ஒரே நொடியில் 3 கிலோவாட் இழுத்தால் 150 கிலோவாட், அந்தப் பயம் அர்த்தமுள்ளதுதான். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றத் தேவையே இல்லை. நள்ளிரவுக்குப் பின் முறைவைத்துப் பிரித்தால் அதே இணைப்பு தாராளமாகத் தாங்கும். தனி மீட்டர், ஏற்ற வேண்டிய நேரம், செலவுப் பங்கு என்று ஒரு பக்கத் தீர்மானம் எழுதினால் போதும். மின்வாரியமும் கூடுதல் லோடுக்கான விண்ணப்பத்தை இழுத்தடிக்காமல் முடித்துத் தர வேண்டும்.

ஏற்றும் நேரம் ஊருக்கே முக்கியம். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. மாலையில் சூரிய மின்சாரம் இறங்குகிற நேரத்தில் வீடுகளில் ஏசி ஏறுகிறது. அலுவலகத்திலிருந்து வந்த கையோடு காரையும் மாட்டினால் வாரியத்துக்குப் பாரம், தெருவுக்கு வோல்டேஜ் குறைவு. பகலில் சூரிய மின்சாரம் பெருகி நிற்கிறது. ஐடி பூங்காக்களும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் வாகன நிறுத்தத்தில் சாதாரண 3 கிலோவாட் பிளக்குகளை வரிசையாக வைத்தாலே அந்த மின்சாரம் கார்களுக்குள் போய்ச் சேரும்.

ஸ்ரீபெரும்புதூரிலும் தூத்துக்குடியிலும் மின்சாரக் கார்கள் தயாராகி வெளியே வருகின்றன. 2023-லேயே அரசு மின்வாகனக் கொள்கை வெளியிட்டுவிட்டது. கார் பெருகும் வேகத்துக்குச் சார்ஜர் பெருகச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை இருப்பதைப் பகிர்ந்துதான் ஓட்ட வேண்டும். உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக வையுங்கள். நெடுஞ்சாலையில் திரை 80 காட்டியதும் கன்னைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டிவிட்டு, காரை நகர்த்துங்கள்.