பழைய கணினியும் நோயாளியின் பதிவும்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் 2028 அக்டோபர் வரை அவை கிடைக்கும். கணினிகள் மறுநாளே நின்றுவிடவில்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது: ஓடுகிற கணினியை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

பழையதை வைத்துக்கொள்வதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. சி.டி. ஸ்கேன் கருவி பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதை இயக்கும் கணினியைக் கருவி தயாரித்தவரின் ஒப்புதலின்றி மாற்ற இயலாது. நள்ளிரவில் செவிலியர் கை பழகிய திரையையே நாடும். புதிய மென்பொருள் வந்த முதல் வாரங்களில் வேலை மெதுவாகும், பிழைகளும் நேரலாம்.

எனினும் தள்ளிப்போடுவதன் விலையை உலகம் கண்டிருக்கிறது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை தாக்குதலால் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் தெரிவித்தது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, வெளிநோயாளிப் பதிவு முதல் ஆய்வகம் வரை பல நாள் கையால் எழுதியே நடந்தன. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியது.

ஆகவே எங்கள் கருத்து இதுவே. நோயாளியின் பதிவைத் தாங்கி, வெளி இணையத்தோடும் தொடர்புடைய கணினிகளைத் தாமதமின்றி மாற்ற வேண்டும். மாற்ற இயலாத கருவிக் கணினிகளைப் பிற வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பிரிவு பிரிவாகச் செய்ய வேண்டும். வைகுண்ட ஏகாதசி போல ஊரே நிறைந்திருக்கும் நாள்களைத் தவிர்க்க வேண்டும்.

புதியதை வாங்கும்போது விலைக்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: பதிவுகளை நாளை வேறு மென்பொருளுக்கு முழுமையாக எடுத்துச் செல்ல முடியுமா? ஸ்ரீரங்கம் கோயிலின் 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கிருந்த ஆரோக்கியசாலையைக் குறிப்பிடுகிறது. அதை இன்றும் படிக்க முடிகிறது. கணினிப் பதிவோ, அதை எழுதிய மென்பொருள் மறைந்தால் திறக்காமலே போகலாம். அப்போது லால்குடியிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ வரும் நோயாளி எடுத்த ஸ்கேனையே மீண்டும் எடுக்க நேரும். பழைய கணினியால் மிச்சமான பணத்தை அக்குடும்பம் தன் கையிலிருந்து கட்டுகிறது.

வாசகர்களும் ஒரு பங்கை ஏற்க வேண்டுகிறோம். டிஸ்சார்ஜ் சுருக்கம், உண்ணும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வைத்திருங்கள். ஸ்கேன் எடுத்தால் அறிக்கையோடு படங்களின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. கேட்கத் தயங்க வேண்டியதில்லை. எந்தக் கணினி நின்றாலும், அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு முதலில் உதவுவது உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாள்தான்.