மக்காச்சோளக் காட்டு வேலிக்கு எந்த சைஸ் கம்பி? கேள்வியே தப்பு!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போதே காட்டுப்பன்றிகளும் வந்துவிடும். பல மாத உழைப்பு ஒரே ராத்திரியில் காலி. அந்த ஆத்திரத்தில் சிலர் மோட்டார் கொட்டகையிலிருந்து 230 வோல்ட் கரண்ட்டை நேரடியாக வேலிக்கு இழுத்துவிடுகிறார்கள். 'மெல்லிசான கம்பிதானே, லேசா ஷாக் அடிக்கும், அவ்வளவுதான்' என்று ஒரு நம்பிக்கை.

கம்பி சைஸ் யாரைக் காப்பாற்றும்?

வயரை மட்டும்தான். லைட்டுக்கு 1.5, பிளக் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. என்று போடுவது வயர் சூடாகி எரியாமல் இருக்கத்தான். தொடுகிற ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1 மி.மீ. கட்டுக்கம்பியை அரை கிலோமீட்டர் இழுத்தாலும் மின்தடை சுமார் 100 ஓம்தான். ஈரமான உடலின் தடை தோராயமாக 1,000 ஓம். அப்படியானால் உடலில் 200 மில்லிஆம்பியர் வரை பாயும். உயிர் போக அதில் பாதியே போதும்.

ஃபியூஸ் போயிடாதா?

போகாது. 200 மில்லிஆம்பியர் என்பது 16 ஆம்பியரில் 80-ல் ஒரு பங்கு. ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

சோலார் வேலி மட்டும் எப்படி?

அதில் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் விநாடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைவான நேரத்துக்குத்தான் கரண்ட் பாயும். பன்றி பயந்து ஓடும், சாகாது. கையை எடுக்க மனிதனுக்கும் அவகாசம் கிடைக்கும். அதைச் செய்வது தரச்சான்று பெற்ற 'எனர்ஜைசர்' கருவி, கம்பி இல்லை.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. விவசாயி கைதானார். அதே ஆண்டு மின்வேலிகளுக்குத் தமிழக அரசு தனி விதிகளும் கொண்டுவந்தது.

விதி வேண்டியதுதான். ஆனால் வேலியில் முதலில் கால் வைப்பது பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சப் போகும் வீட்டு ஆளோ, பக்கத்து வயல்காரரோதான். செத்த பிறகு வழக்குப் போடுவதைவிட, விதைப்புக்கு முன்பே சோலார் வேலி மானியம் கைக்கு வரணும். பன்றி அழித்த பயிருக்கு இழப்பீடும் அலையவிடாமல் கிடைக்கணும். இரண்டும் தாமதமானால், கட்டுக்கம்பிதான் விவசாயிக்குச் சீக்கிரம் கிடைக்கும்.